ஒரு கடிதம் போதும்: அஞ்சல் சேவையகம் முடங்குவது எப்படி? (வாசகர் கேள்வி பதில்)

மின்னஞ்சல் சேவையக மென்பொருள்களில் காணப்படும் ‘சேவை மறுப்பு’ வகைக் குறைபாடுகளைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதையே துருவிக் கேட்டதால், இம்முறை பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஏற்றுமதி அலுவலகத்தில் சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கிறோம். அண்மையில் வந்த பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றில் ‘சேவை மறுப்பு மட்டுமே, தகவல் கசிவு இல்லை’ என்றிருந்தது. அப்படியானால் புதுப்பிப்பை அடுத்த மாதம் வரை தள்ளிப்போடலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: அந்த ‘மட்டுமே’ என்ற சொல்தான் பலரை ஏமாற்றுகிறது. சேவை மறுப்பு என்றால் யாரும் உங்கள் கடிதங்களைப் படிக்கவில்லை, திருத்தவில்லை, ஆனால் உங்களுக்கும் அவை கிடைக்கவில்லை என்று பொருள். கப்பல் ஆவணங்களும் வங்கிக் கடிதங்களும் அஞ்சலில் வந்துசேர வேண்டிய ஓர் அலுவலகத்துக்கு, மூன்று நாள் அஞ்சல் இல்லாமல் போவது தகவல் கசிவைவிடச் சிறிய இழப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கணக்கு மென்பொருளையோ கோப்புச் சேவையகத்தையோ கடவுச்சொல்லுக்குப் பின்னால் பூட்டி வைத்துவிடலாம். அஞ்சல் சேவையகத்தை அப்படிப் பூட்ட முடியாது. முன்பின் தெரியாதவர் அனுப்பும் கடிதத்தையும் வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. ஆகவே கடிதங்கள் வந்து நுழையும் 25ஆம் எண் வாயில் (போர்ட்) எந்நேரமும் உலகத்துக்குத் திறந்தே இருக்கிறது. கடவுச்சொல் எதுவும் தெரியாத ஒருவர் வெளியிலிருந்து கடிதம் அனுப்பியே சேவையகத்தைச் சாய்க்க முடியும் என்று அறிவிப்பு சொல்லுமானால், அதை இந்த வாரமே சரிசெய்யுங்கள்.

கேள்வி: சேவை மறுப்பு என்றால் லட்சக்கணக்கான கணினிகள் சேர்ந்து தாக்குவது என்றுதான் படித்திருக்கிறேன். ஒரே ஒரு மின்னஞ்சலால் ஒரு சர்வர் விழும் என்பதை நம்ப முடியவில்லை. (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: நீங்கள் படித்தது வெள்ளம் போன்ற தாக்குதல். அதற்குப் பெரும் படை தேவை. மென்பொருளிலேயே ஒரு குறைபாடு இருந்தால் படை தேவையில்லை. எப்படி என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

ஒரு மின்னஞ்சலுக்குள் படம், எழுத்து, இணைப்புக் கோப்பு என்று பல பகுதிகளை வைக்க ‘மைம்’ என்னும் ஏற்பாடு இருக்கிறது. ஒரு பகுதிக்குள் இன்னொரு தொகுப்பை வைக்கலாம், அதற்குள் மற்றொன்றை வைக்கலாம். உறைக்குள் உறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இது பல பகுதி கொண்டது, பகுதிகளைப் பிரிக்கும் அடையாளம் இன்னது’ என்று ஒரு வரி, பிறகு ஒரு வெற்று வரி, பிறகு அந்த அடையாளம். ஓர் உறைக்கு ஆகும் செலவு அவ்வளவுதான், நூறு எழுத்தைத் தாண்டாது. பத்து மெகாபைட் கடிதம் ஒன்றில் ஒரு லட்சம் உறைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடைத்துவிடலாம்.

பிரிப்பவரின் நிலை வேறு. நிரலாளர் பெரும்பாலும், ‘உறையைத் திற, உள்ளே உறை இருந்தால் இதே வேலையை மறுபடி செய்’ என்று தன்னைத்தானே அழைக்கும் முறையில்தான் எழுதியிருப்பார். ஒவ்வொரு முறை அழைக்கும்போதும், திரும்பி வர வேண்டிய இடத்தை நினைவில் வைக்க ‘ஸ்டாக்’ என்னும் நினைவகப் பகுதியில் சிறிது இடம் செலவாகும். அந்தப் பகுதி அளவானது. சில ஆயிரம் உறைகளிலோ பல ஆயிரம் உறைகளிலோ அது தீரும். தீர்ந்தவுடன் நிரல் செத்துவிழும். அனுப்புபவருக்கு நூறு எழுத்துச் செலவு, பெறுபவருக்கு உயிர்ச்செலவு.

இது கற்பனை அன்று. சென்ட்மெயில் என்னும் அஞ்சல் சேவையக மென்பொருளின் 8.13.7க்கு முந்திய பதிப்புகளில் இதே குறைபாடு இருப்பது 2006 ஜூன் மாதம் வெளியானது. எட்டு பிட் எழுத்துகளை ஏழு பிட் வடிவத்துக்கு மாற்றும் பகுதியில்தான் அந்தச் சறுக்கல் இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, கடிதத்தை வாங்கும்போது எதுவும் ஆகாது என்பதே. அது ஒழுங்காக வரிசையில் போய் உட்காரும். வரிசையிலுள்ள கடிதங்களைப் பட்டுவாடா செய்யக் கிளம்பும் நிரல் அந்தக் கடிதத்தைத் தொட்டவுடன் சாகும், அதற்குப் பின்னால் நின்ற கடிதங்கள் அப்படியே நிற்கும். சிறிது நேரம் கழித்து அடுத்த சுற்று தொடங்கும், அதே கடிதம் எதிர்ப்படும், மறுபடியும் சாவு. விஷம் வைத்த உணவை ஒருவர் உண்டு மயங்கி விழ, அடுத்தவர் வந்து அதே இலையில் உட்காருவதைப் போன்றது இது. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு நினைவகப் பதிவுக் கோப்பு எழுதப்படும் கணினிகளில், அந்தக் கோப்புகளே வட்டை நிரப்பிவிடும் ஆபத்தும் இருந்தது. உடனடியாகப் புதுப்பிக்க முடியாதவர்களுக்குச் சொல்லப்பட்ட தற்காலிக வழிகளுள் ஒன்று, வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் குலுக்கிப் போட்டுச் செயல்படுத்துவது. நிரல் சாவது நிற்காது, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் சாகும். அதற்குள் சில கடிதங்களாவது தப்பிப் போய்ச்சேரும். இந்த யோசனையை முதலில் படித்தபோது சிரித்தேன், பிறகு அதன் நேர்மையை மெச்சினேன்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்டில், அஞ்சல் பெட்டிகளைக் காக்கும் டவ்காட் மென்பொருளிலும் இதே கதை வந்தது. ஆழமாக அடுக்கிய மைம் பகுதிகளைப் பிரிக்கப் புகுந்து வளங்கள் தீர்ந்துபோகும் என்று அறிவித்து, 2.3.11.3 பதிப்பில் சரிசெய்தார்கள். எழுதியவர்கள் வேறு, காலம் வேறு, சறுக்கல் ஒன்றே. எத்தனை உறை வரை திறப்பது என்பதைப் பெறுபவர் தீர்மானிக்காமல், அனுப்புபவரிடம் விட்டுவிட்டார்கள்.

நிரல் சாக வேண்டும் என்பதுகூட இல்லை, மெத்தனமானாலே போதும். 2024 ஆகஸ்டில் டவ்காட் குழுவே வெளியிட்ட இன்னோர் அறிவிப்பில், அனுப்புநர், பெறுநர், நகல் பெறுவோர் போன்ற முகவரித் தலைப்பு வரிகள் 1 லட்சம் கொண்ட கடிதத்தைப் பிரிக்கச் செயலிக்கு 12 விநாடி ஆவதாகவும், நடைமுறையில் 5 லட்சம் வரிகள் கொண்ட ஒரு கடிதம் 18 நிமிடம் எடுத்துக்கொண்டதைக் கண்டதாகவும் குறிப்பிட்டிருந்தார்கள். அளந்த கணினிகள் வேறாகவும் இருக்கலாம். ஆனாலும் வரிகள் ஐந்து மடங்கு, நேரம் தொண்ணூறு மடங்கு என்ற கணக்கைப் பாருங்கள். அப்படிப்பட்ட நாலைந்து கடிதங்கள் ஒரே சமயத்தில் வந்தால், அந்தக் கணினியில் வேறு எந்த வேலையும் நடக்காது.

கேள்வி: எக்ஸிம் பயன்படுத்துகிறோம். 2017இல் ஒரு புள்ளியால் அது நின்றுபோனதாகச் சொல்கிறார்களே, உண்மையா? (வாசகர், பெங்களூரு)

பதில்: எக்ஸிம் என்னும் அஞ்சல் சேவையக மென்பொருள் புள்ளியைத் தேடப் போய் நின்றது என்பதே சரி. சேவையகங்கள் கடிதங்களைக் கைமாற்றும் நெறிமுறையான எஸ்எம்டிபியில், கடிதத்தின் உடலை அனுப்புவதற்குப் பழைய கட்டளை ‘டேட்டா’. தனி வரியில் ஒற்றைப் புள்ளி வந்தால் கடிதம் முடிந்தது என்று கொள்வார்கள். பின்னால் வந்த ‘பிடாட்’ கட்டளை வேறு வகை. ‘இத்தனை பைட் அனுப்புகிறேன்’ என்று முன்கூட்டியே எண்ணிக்கை சொல்லிவிடும், புள்ளிக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. எக்ஸிம் 4.88, 4.89 பதிப்புகளில் இந்தப் புதிய வழியிலும் முடிவுப் புள்ளியைச் சோதிக்கும் பழைய வழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பயன்படுத்தி, முடிவே இல்லாத சுழலில் நிரலைச் சிக்கவைக்க முடிந்தது. 2017 நவம்பரிலேயே, அதே கட்டளையைச் சுற்றி, இதைவிட மோசமான மற்றொரு நினைவகக் குறைபாடும் வெளியானது. இந்த வசதி இருப்பதாக வெளியே அறிவிப்பதை நிறுத்திவிடும்படி அப்போது தற்காலிகமாகச் சொன்னார்கள். 4.90 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு உங்களிடம் இருந்தால் இந்தக் கவலை இல்லை. ஆனால் எக்ஸிமில் அதன் பிறகும் பெரிய குறைபாடுகள் வந்திருக்கின்றன, ஆகவே அந்தப் பதிப்பிலேயே நின்றுவிடாதீர்கள்.

கேள்வி: 1998இல் இலங்கைத் தூதரகங்களின் மின்னஞ்சலைத் தமிழ்க் குழு ஒன்று முடக்கியதாக ஆங்கில நூல்களில் அடிக்கடி வருகிறது. அது இந்த வகையைச் சேர்ந்ததா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இல்லை, அது வெள்ள வகை. ‘இணையக் கரும்புலிகள்’ என்ற பெயரில், இலங்கைத் தூதரகங்களுக்கு இரண்டு வார காலம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டன. உங்கள் தகவல் தொடர்பைக் குலைப்பதற்காக இதைச் செய்கிறோம் என்பதே அவற்றில் இருந்த செய்தி. ஒரு நாட்டின் கணினிகள் மீது பயங்கரவாதிகள் நடத்திய முதல் தாக்குதலாக உளவுத்துறையினர் அதைக் கருதினார்கள் என்று கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டோரத்தி டென்னிங் 2000இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் அளித்த சாட்சியத்தில் குறிப்பிட்டார். நீங்கள் நூல்களில் காண்பது பெரும்பாலும் அந்த வரியின் வழித்தோன்றல்தான்.

இன்றைய கண்ணுக்கு 800 என்பது சிரிப்பூட்டும் எண். கூட்டாகக் கடிதம் அனுப்பும் ஒரு விளம்பர நிறுவனம் அதை ஒரு நொடியில் அனுப்பிவிடும். ஆனால் தொலைபேசிக் கம்பி வழியே இணைந்து, ஒற்றை அஞ்சல் பெட்டியைக் கையால் பிரித்துக்கொண்டிருந்த அன்றைய அலுவலகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அங்கே மென்பொருளில் குறை எதுவும் இல்லை. பெட்டியின் கொள்ளளவும் படிப்பவரின் பொறுமையும்தான் தீர்ந்தன.

கேள்வி: கடிதமே அனுப்பாமல், வெறும் தொடர்பை ஏற்படுத்தி வைத்துக்கொண்டே மெயில் சர்வரை முடக்க முடியும் என்கிறார் எங்கள் கணினிப் பொறுப்பாளர். எப்படி? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: முடியும், அதற்கு விதியே இடம் கொடுக்கிறது. அடுத்த கட்டளை வரும்வரை சேவையகம் குறைந்தது ஐந்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும் என்பது எஸ்எம்டிபி விதிகளின் பரிந்துரை. இணைப்புகள் மெதுவாக இருந்த காலத்து மரியாதை அது. போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் அஞ்சல் சேவையக மென்பொருளை மாற்றம் எதுவும் செய்யாமல் நிறுவினால், ஒரே நேரத்தில் 100 பேருக்குத்தான் பேச இடம். நூறு நாற்காலியிலும் பேசாத ஆட்கள் வந்து உட்கார்ந்து, நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை தொண்டையை மட்டும் செருமிக்கொண்டிருந்தால், உண்மையாகக் கடிதம் கொண்டு வருபவர் வாசலில் நிற்க வேண்டியதுதான். ஒரே முகவரியிலிருந்து 50 தொடர்புகளுக்கு மேல் ஏற்பதில்லை என்ற வரம்பும் அதில் இருக்கிறது. ஆகவே முழு அறையையும் நிரப்ப ஒரு கணினி போதாது, இரண்டு வேண்டும்!

இதைக் கண்டுகொண்டு 2.5ஆம் பதிப்பு முதல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். இடமெல்லாம் நிரம்பியவுடன் போஸ்ட்ஃபிக்ஸ் தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது. சாதாரணமாக 300 விநாடி காத்திருப்பது, நெருக்கடியில் 10 விநாடிதான் காத்திருக்கும். சாதாரணமாக 20 பிழை வரை பொறுப்பது, நெருக்கடியில் ஒரே பிழையில் தொடர்பைத் துண்டிக்கும். நல்ல அனுப்புநர் சிலரும் இதில் அடிபடலாம், ஆனால் அவர்கள் மறுபடி வருவார்கள்.

கேள்வி: ‘க்யூமெயிலில் பாதுகாப்புக் குறையே கிடையாது, கண்டுபிடிப்பவருக்குப் பரிசு’ என்று அதன் ஆசிரியர் அறிவித்ததாகப் படித்தேன். அதைப் போட்டுவிட்டால் நிம்மதியா? (வாசகர், சென்னை)

பதில்: க்யூமெயில் என்னும் அஞ்சல் சேவையக மென்பொருளை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன் 1997இல் 500 டாலர் பரிசு அறிவித்தது உண்மை. அதே அறிவிப்பில், சேவை மறுப்புத் தாக்குதல்கள் கணக்கில் வராது என்றும் அவர் விலக்கி வைத்தார். எல்லா அஞ்சல் மென்பொருளிலும் அவை உண்டு, நெறிமுறைகளையே திருத்தி எழுதாமல் அவற்றைச் சரிசெய்வது கடினம் என்பது அவர் வாதம். நீளமான கட்டளைகளையோ கணக்கற்ற பெறுநர்களையோ அனுப்பிக்கொண்டே இருந்தால் க்யூமெயில் நினைவகத்தை விழுங்கிக்கொண்டே போகும் என்று போஸ்ட்ஃபிக்ஸை எழுதிய வீட்சே வெனிமா அதே ஆண்டு செய்து காட்டினார். நினைவக வரம்பை இயங்குதளத்தில் நீங்களே விதித்துக்கொள்ளுங்கள், அது என் நிரலின் வேலை அன்று என்பதே பெர்ன்ஸ்டைனின் நிலைப்பாடு.

கோட்பாட்டளவில் அது தவறன்று. ஆனால் பின்னால் நடந்ததைக் கேளுங்கள். 2005இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஜார்ஜி குனின்ஸ்கி, 64 பிட் கணினிகளில் மிகப் பெரிய உள்ளீடு கொடுத்தால் க்யூமெயிலின் எண்கள் பெருக்கெடுத்து நினைவகம் சிதையும் என்று காட்டினார். யாரும் அந்த நிரலுக்கு அத்தனை கிகாபைட் நினைவகம் தருவதில்லை என்று சொல்லி ஆசிரியர் ஏற்க மறுத்தார். 2020இல் குவாலிஸ் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தார், வரம்பு விதிக்கப்படாமல் டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவப்பட்ட க்யூமெயிலில் அதே குறைகளைக் கொண்டு வெளியிலிருந்தே நிரலை இயக்கிக் காட்டிவிட்டார்கள். ‘வளம் தீரும், அவ்வளவுதானே’ என்று ஒதுக்கிய இடத்தின் வழியே கன்னக்கோல் உள்ளே நுழைந்துவிட்டது. வரம்பை நிர்வாகி விதிப்பார் என்று நிரலாளர் நம்பினார். நிரலாளர் விதித்திருப்பார் என்று நிர்வாகி நம்பியிருக்கலாம்.

வெனிமாவின் போஸ்ட்ஃபிக்ஸும் தப்பவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் ஓரவஞ்சனை ஆகும். 2003 ஆகஸ்டில் மிகால் ஸாலெவ்ஸ்கி கண்டறிந்த குறைபாட்டின்படி, 1.1.12 வரையான பதிப்புகளில், முகவரிக்குள் ஒரு புள்ளியும் ஆச்சரியக்குறியும் அடுத்தடுத்து வரும்படி அமைத்து அனுப்பினால், வரிசையை மேலாளும் நிரலே உறைந்துபோகும். அந்தக் கடிதத்தைக் கையால் எடுத்து எறியும்வரை அது எழாது. இரண்டே குறிகள்!

கேள்வி: வைரஸ் ஸ்கேனர் முன்னால் நிற்கும்போது இந்தக் கடிதங்கள் எப்படி உள்ளே வரும்? (வாசகர், சேலம்)

பதில்: காவலாளிக்கும் வயிறு உண்டு. வருகிற கோப்பையெல்லாம் பிரித்துப் பார்ப்பது வைரஸ் தேடியின் தொழில் என்பதால், முதலில் அடிபடுவதே பெரும்பாலும் அதுதான். 42 கிலோபைட் மட்டுமே உள்ள ஒரு பழைய சுருக்கக் கோப்பு, அடுக்கடுக்காக விரித்துக்கொண்டே போனால் 4.5 பெட்டாபைட் ஆகும். அடுக்குகளே இல்லாமல் 10 மெகாபைட்டிலிருந்து 281 டெராபைட்டாக விரியும் கோப்பை டேவிட் ஃபிஃபீல்ட் 2019இல் உருவாக்கிக் காட்டினார். அதன் பிறகுதான் கிளாம்ஏவி என்னும் வைரஸ் தேடி, ஒரு கோப்புக்கு இரண்டு நிமிடம் என்ற கால வரம்பைச் சேர்த்துக்கொண்டது.

எதிரியே இல்லாமல் காவலாளி வாசலை அடைத்த கதையும் உண்டு. 2022 ஜனவரி 1 அன்று, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 அஞ்சல் சேவையகங்களில் உலகெங்கும் கடிதங்கள் வரிசையில் தேங்கி நின்றன. தீநிரல் தேடும் பகுதி தன் பதிப்பு எண்ணைத் தேதியைக் கொண்டு அமைத்திருந்தது. புத்தாண்டில் அது 2201010001 ஆனது. 32 பிட் எண் ஒன்றில் அடங்கக்கூடிய உச்சம் 2147483647. எண் அடங்காததால் தேடும் பகுதி இயங்க மறுத்தது, அது சோதிக்காத கடிதத்தைச் சேவையகம் விட மறுத்தது. மைக்ரோசாஃப்ட் கொடுத்த மாற்று எண் 2112330001. அதாவது 2021 டிசம்பர் 33ஆம் தேதி!

கேள்வி: எங்கள் பள்ளியின் போஸ்ட்ஃபிக்ஸ் சேவையகத்தில் நான் பார்க்க வேண்டியவை எவை? (ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: இயல்பாகவே அமைந்திருக்கும் வரம்புகளை முதலில் கெடுக்காமல் இருங்கள். கடித அளவு ஏறத்தாழ 10 மெகாபைட், ஒரு கடிதத்துக்குப் பெறுநர் 1000, வடிவம் மாற்றும்போது மைம் அடுக்கு 100 என்று ஏற்கெனவே வரம்பு உண்டு. யாரோ ஒருவருடைய பெரிய காணொளி போகவில்லை என்பதற்காக அளவை ‘வரம்பில்லை’ என்று மாற்றிய அலுவலகம் ஒன்றை எனக்குத் தெரியும். மாற்றியவர் வேலையை விட்டுப் போய் இரண்டு ஆண்டுக்குப் பிறகு, வட்டு நிரம்பிய ஒரு திங்கட்கிழமை காலையில்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது.

அடுத்து, கடித வரிசைக்கு வட்டில் தனிப் பகுதி ஒதுக்குங்கள். வரிசை நிரம்பினாலும் இயங்குதளம் மூச்சுவிடும். வரிசையில் எத்தனை கடிதம் நிற்கிறது என்பதை நாளுக்கு இரண்டு முறை பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கடிதம் திரும்பத் திரும்ப முயலப்பட்டு, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு நிரல் செத்துக்கொண்டிருந்தால், பதிவேட்டில் ஒரே வரிசை எண் மீண்டும் மீண்டும் தலைகாட்டும். சேவையகத்தை மறுபடி மறுபடி இயக்குவதால் பயன் இல்லை. அந்தக் கடிதத்தைத் தனியே நிறுத்திவைத்துவிட்டு மற்றவற்றை விடுங்கள். அதை அழித்துவிடவும் வேண்டாம், மென்பொருளை எழுதுபவர்களுக்கு அது சாட்சி.

கேள்வி: போன மாதம் எங்கள் சர்வர் ஆறு மணி நேரம் நின்றுபோனது. அந்த நேரத்தில் வந்த கடிதங்கள் தொலைந்துவிட்டனவா? (வாசகி, திருச்சி)

பதில்: பெரும்பாலும் இல்லை. தொடர்பே கிடைக்காவிட்டாலும், அல்லது 4இல் தொடங்கும் மறுமொழி எண் கிடைத்தாலும், ‘இப்போது முடியவில்லை, பிறகு வருக’ என்று பொருள்கொண்டு, அனுப்பும் சேவையகம் கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நான்கைந்து நாள் வரை விட்டுவிட்டு முயல வேண்டும் என்பது வழக்கு. போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் முயலும். ஆறு மணி நேரம் அதற்குள் அடக்கம். நின்றுபோகாமல் தடுமாறிக்கொண்டிருந்த சேவையகம், நெருக்கடியில் தவறுதலாக 5இல் தொடங்கும் எண்ணைத் தந்திருந்தால்தான் ஆபத்து. அது ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று பொருள்படும், கடிதம் உடனே அனுப்பியவரிடமே திரும்பிப் போய்விடும். அந்த ஆறு மணி நேரத்துப் பதிவேட்டை எடுத்து, 5இல் தொடங்கும் மறுமொழிகள் யாருக்குப் போயின என்று பாருங்கள். அவர்களுக்கு மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும். அந்த நேரத்தில் வந்திருக்க வேண்டிய வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொற்கள் தாமதமாக வந்துசேர்ந்திருக்கும், ஆனால் அவற்றின் காலம் முடிந்திருக்கும்.